கண்ணு தெரியலையா?

வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா, அம்மா, அண்ணன், மாமா, தாத்தா எல்லாருக்கும்



பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போகச் சம்மதக் கடிதம் கேட்டு அனுப்புவேனே, அதைத் தவிர உங்களுக்கு நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் போன மாதம் வருவாய் மாவட்டக் கபடிப் போட்டி அரையிறுதியில் நடந்ததைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும். நேரில் பேசினால் ஆளுக்கொரு பக்கம் குரல் உயரும். குரல் உயர்வதைப் பற்றித்தான் பேசவே வேண்டியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். இரண்டு பக்கமும் புள்ளி சமம். கடைசி ரெய்டு நமக்கு. பாடப் போனது பத்தாம் வகுப்புப் பிள்ளை. பெயர் வேண்டாம், யாரென்று உங்களுக்கே தெரியும். எதிரில் நான்கு பேர்தான் மிச்சம். உள்ளே போனாள், இடது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டினாள், சட்டென்று திரும்பி வலது கார்னரின் தோளைத் தொட்டாள். நடுக்கோடு நான்கு எட்டுத் தூரம். அந்த நேரத்தில் இடது கவரில் நின்ற பெண் அவசரமே படாமல் வந்து வழியை அடைத்தாள். கோட்டோரம் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். நம் பிள்ளை மட்டும் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணின் மேலேயே போய் மோதினாள். இரண்டே நொடியில் நான்கு பேரும் அவள் மேல் கிடந்தார்கள்.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்று முதலில் கத்தியது ஒரு அப்பா. இரண்டாவதாகக் கத்தியது நான்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “சார், அந்த அக்கா அங்க நின்னதே எனக்குத் தெரியல சார். கார்னர் மட்டும்தான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் இல்லாத மாதிரி இருந்துச்சு.”

சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லவும் வாயெடுத்தேன். நல்லவேளை, வேன் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார்.

எம்.பி.எட். படித்தபோது விளையாட்டு உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. தேர்வுக்காகப் படித்தேன், தேர்வோடு மறந்தேன். அன்று ராத்திரி பரணில் கிடந்த அந்த நோட்டுகளை இறக்கினேன். எலி தின்றது போக மீதி இருந்ததில் ஒரு பக்கத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

1971-ல் அமெரிக்காவில் செய்த சோதனை அது. கடலுக்கடியில் இறங்குபவர்களைப் பழக்க இரும்பாலான அழுத்த அறை ஒன்று உண்டு. ஆட்களை அதற்குள் உட்காரவைத்துக் கதவை இறுக்கினார்கள். கடலில் 60 அடி ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவுக்கு ஏற்றப்போகிறோம் என்று சொன்னார்கள். உண்மையில் ஏற்றவே இல்லை. எல்லாம் நாடகம். உள்ளே இருப்பவருக்கு இரண்டு வேலை: கண்ணுக்கு நேரே இருக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், கூடவே ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் சொல்ல வேண்டும். நேரே இருந்த வேலையை அவர்கள் வழக்கம்போலவே செய்தார்கள். ஓரத்து விளக்கைத்தான் தவறவிட்டார்கள், வெளியே உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவர்களைவிட அதிகமாக. கண்ணில் கோளாறு கிடையாது, விளக்கும் ஒழுங்காகத்தான் எரிந்தது. அறையில் ஏறாத அழுத்தம் மனசில் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரண்டு பக்கமும் தோல்பட்டை கட்டுவார்களே, பயம் செய்வது அந்த வேலைதான். பாம்பைப் பார்த்தவனுக்குப் பாம்பு மட்டும் தெரியும், காலடியில் கிடக்கும் கம்பு தெரியாது. உயிர் பிழைக்க அது ஒரு வகையில் உதவியிருக்கலாம். கபடிக்கு உதவாது. பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பாடப் போகிறவளுக்கு அதில் பாதி, நேரம் 30 விநாடி. அந்த ஆறுக்கு எட்டில் ஏழு பேர் வரைக்கும் நிற்பார்கள். ஏழு பேரையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அதனால் நல்ல ரெய்டர் யாரைத் தொடப்போகிறாளோ அவளைப் பார்க்கவே மாட்டாள். கண் ஒரு பக்கம் இருக்கும், காரியம் கண்ணோரத்தில் நடக்கும். மூன்று வருடமாக நான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கடைசி ரெய்டில் அவளிடமிருந்து முதலில் பறிபோனதும் அதுதான்.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. மன நெருக்கடி கூடுதலாக உள்ள ஆட்டக்காரர்களுக்கு ஏன் அடியும் கூடுதலாகப் படுகிறது என்று ஆராய்ந்தவர்கள், இப்படிக் கண்ணோரம் மங்குவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பக்கவாட்டில் வருகிறவரைப் பார்க்காதவர் தயாராவதில்லை, தசையை இறுக்கிக்கொள்வதில்லை. அன்று அவளுடைய முழங்கால் தப்பியது நம் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

சின்னப் பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும், பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஆகாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். மேத்யூ எம்மன்ஸ் கதையைக் கேளுங்கள். அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏற்கெனவே ஒரு பிரிவில் தங்கம் வாங்கிவிட்டார். இரண்டாவதாக 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி, இறுதிச்சுற்று, மூன்று புள்ளி முன்னிலை, ஒரே ஒரு குண்டு பாக்கி. சுமாராகச் சுட்டாலே இன்னொரு தங்கம். சுட்டார். அவருடைய திரையில் ஒன்றும் காட்டவில்லை. ஏதோ இயந்திரக் கோளாறு என்று கையைக் காட்டினார். பார்த்தால், இரண்டாவது தடத்தில் நின்றவர் மூன்றாவது தடத்து இலக்கைச் சுட்டிருக்கிறார்! அந்தக் குண்டுக்குப் பூஜ்யம், அவருக்கு எட்டாவது இடம்.

வழக்கமாக இலக்குக்கு மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவர் துப்பாக்கியைக் கீழே இறக்குவாராம். அந்தக் கடைசிக் குண்டுக்கு மட்டும் எண்ணைப் பார்க்கவில்லை, மனசை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே இருந்துவிட்டேன் என்று பின்னால் சொன்னார். அமைதியாக இருக்க வேண்டும் என்ற கவலையே கண்பட்டையாகிவிட்டது. (அன்று அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் வீராங்கனை கேதரினா குர்கோவாவை அவர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். இந்த மடலுக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

இனி நாம் செய்ததற்கு வருகிறேன். கால்பந்தில் பெனால்டி உதைப்பவர்களுக்குக் கண் எங்கே போகிறது என்று காட்டும் கருவியை மாட்டி, எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் ஒரே ஒரு ஆள். இரண்டு பக்கமும் மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம் காலி. மனசு லேசாக இருந்தபோது உதைப்பவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள். பதற்றம் ஏற்றியதும் அவர்கள் கண் சீக்கிரமே கீப்பரிடம் போனது, போன இடத்தில் கூடுதல் நேரம் நின்றது. பந்தும் கண் போன வழியே, கீப்பர் கைக்கு எட்டும் பக்கமாகப் போனது. 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் லிவர்பூல் கீப்பர் புரூஸ் குரோபலார் காலைத் தள்ளாடவிட்டுக் கோமாளித்தனம் செய்து ரோமா அணிக்காரரைத் தன்னையே பார்க்க வைத்தார். அந்த ஆள் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். எந்த ஆய்வும் படிக்காமலே குரோபலாருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

எது பயமுறுத்துகிறதோ கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. சரி, அன்று நாம் என்ன கத்தினோம்? “வலது கார்னர்! வலது கார்னரைப் பாரு! வலது கார்னர்!” வீடியோ என்னிடம் இருக்கிறது. அந்த 30 விநாடியில் எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் நான்கு என் குரல். அவள் வலது கார்னரைப் பார்த்தாள். நாம் கேட்டதைச் செய்துவிட்டு, செய்ததற்கே நம்மிடம் திட்டும் வாங்கினாள்.

கண்ணோரம் மட்டும் போவதில்லை, தூரமும் மாறுகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஏறுசுவர் ஒன்றில் ஒரே மாதிரிப் பிடிகளைத் தரையை ஒட்டியும் உயரத்திலும் பதித்து ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள். கை அதே கை, பிடி அதே பிடி. உயரத்தில் நின்றவர்களுக்குத் தங்கள் கை எட்டும் தூரம் குறைவாகத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, எட்டிப் பார்க்கச் சொன்னபோது உண்மையிலேயே குறைவாகத்தான் எட்டினார்கள். நம் பிள்ளைகள் பயிற்சியில் அநாயாசமாக எடுக்கும் போனஸ் கோட்டைப் போட்டியில் ஒரு சாண் முன்னாலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார்களே, அப்போதெல்லாம் “சோம்பேறி” என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேன் என்று கணக்கில்லை.

நன்றாக ஆடும் நாளில் பந்து பூசணிக்காய் அளவுக்குத் தெரிகிறது என்று மட்டை பிடிப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதையும் சோதித்திருக்கிறார்கள். ஜெசிகா விட் என்ற ஆய்வாளர், ஆட்டம் முடிந்து வந்த சாஃப்ட்பால்காரர்களிடம் பல அளவு வட்டங்களைக் காட்டிப் பந்தின் அளவு எது என்று கேட்டார். அன்று நன்றாக அடித்தவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்கள். பின்னால் அமெரிக்கக் கால்பந்தின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கச் சொல்லியும் பார்த்தார். பக்கவாட்டில் தவறவிட்டவர்களுக்குக் கம்பங்கள் நெருங்கித் தெரிந்தன. உயரம் போதாமல் தவறவிட்டவர்களுக்குக் குறுக்குக் கம்பம் மேலே போயிருந்தது. உதைப்பதற்கு முன்னால் இந்த வித்தியாசம் எதுவும் இல்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். கண் மாறவில்லை, கேட்கும்போது பதில்தான் மாறுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-ல் நீளமாக எழுதினார்கள். அது அவர்கள் சண்டை. எனக்கு அந்த ஏறுசுவரும் இரும்பு அறையும் போதும்.

ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸை எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக். அணிப் போட்டியில் வால்ட் தாண்ட ஓடி வந்தார். காற்றில் இரண்டரை முறுக்குச் சுற்றுவதாகத் திட்டம், சுற்றியது ஒன்றரை. இறங்கும்போது ஏறக்குறைய மண்டி போட்டுவிட்டார். காற்றில் தாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றார். தரை எந்தப் பக்கம், கூரை எந்தப் பக்கம் என்ற கணக்கு போய்விட்டது. ஜிம்னாஸ்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல, இதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாமல் தலைகீழாகச் சுற்றினால் கழுத்து முறியும். சோவியத் வீராங்கனை எலெனா முகினா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தார். கால் எலும்பு முறிந்து சரியாக ஆறுவதற்குள் அவரைத் திரும்பக் களத்தில் இறக்கியிருந்தார்கள்.

பைல்ஸ் அன்றைக்கே விலகினார். தனிநபர் போட்டியையும் விட்டார். ‘பயந்து ஓடிவிட்டாள்’ என்று உலகம் முழுக்க எழுதினார்கள். நம் ஊர் டீக்கடையிலும் அதே பேச்சு, நானும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் 3-ல் பேலன்ஸ் பீம் போட்டிக்கு மட்டும் வந்தார். முறுக்கே இல்லாத ஓர் இறக்கத்தை வைத்துக்கொண்டு வெண்கலம் வாங்கிப் போனார். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம்.

இதில் நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது வேறு. டோக்கியோவில் கொரோனாவால் பார்வையாளர்களே கிடையாது. காலி நாற்காலிகள்தான் இருந்தன. யாரும் கத்தவில்லை. ஆகவே கோட்டோரத்தில் நாம் வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது, நெருக்கடி வீட்டிலிருந்தும் வருகிறது. கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் கபடியில் தங்கம் வாங்கி வந்ததிலிருந்து நம் தெருக்களில் கபடி என்றால் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரு கணக்கும் வந்திருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் சீட், சான்றிதழுக்கு எத்தனை மார்க். இதையெல்லாம் நீங்கள் சோற்றுத் தட்டின் முன்னால் பேசுகிறீர்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பேசாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கட்டட வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைக்குப் பால் முட்டை வாங்கிக் கொடுக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வேன்? என் வேலையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்ததுதான். ஆனால் போட்டிக்கு முந்தின ராத்திரி மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம். அன்று சினிமாவைப் பற்றிப் பேசுங்கள். இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியாவது பேசுங்கள்.

“நாலு வார்த்தை திட்டினாத்தான் சார் புள்ளைக்கு உறைக்கும், சத்தத்துக்குப் பழக வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழகத்தான் வேண்டும். அதே ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அம்பெறியும் விளையாட்டில் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் பதற்றத்தோடு எறிந்து பழகியவர்களுக்குப் பிறகு பெரிய பதற்றத்திலும் குறி தப்பவில்லை. அமைதியான இடத்தில் மட்டுமே பழகியவர்கள்தான் தடுமாறினார்கள். நம் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா செய்ததும் இதுதான். பெய்ஜிங் ஒலிம்பிக் அரங்கம் பெரிசு என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கே இலக்கு வைத்துச் சுட்டுப் பழகினார். 2008 ஆகஸ்ட் 11-ல் கடைசிக் குண்டுக்கு முன்னால் அவரும் பின்லாந்துக்காரரும் சமம். பிந்த்ரா 10.8 சுட்டார். அவர்கள் சுடும் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர்.

ஆனால் அவர் மண்டபத்துக்குப் போனது பயிற்சிக்கு. போட்டி நடக்கும்போது அவர் காதருகே யாரும் மேளம் வாசிக்கவில்லை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பயிற்சிக்கு யாரும் வருவதில்லை, மைதானம் மயான அமைதி. போட்டிக்கு எல்லாரும் வந்து தொண்டை கிழியக் கத்துகிறோம்.

மெல்போர்ன் 2022 நினைவிருக்கிறதா? பாகிஸ்தானோடு டி20, அக்டோபர் 23. மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர். ஒரு பந்து, இரண்டு ரன் என்ற நிலையில் நம் அஸ்வின் உள்ளே வருகிறார். பந்து கால் பக்கமாக விலகிப் போகிறது. அந்த இடத்தில் நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசியிருப்பேன். அவர் பந்தை விட்டார். வைடு! ஒரு ரன் வந்தது, பந்து திரும்பக் கிடைத்தது. அடுத்ததை மிட் ஆஃப் தலைக்கு மேலே தூக்கிவிட்டுப் போய்விட்டார். எல்லாரும் கோலி அடித்த 82-ஐப் பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது அடிக்காத அந்த ஒரு பந்தை.

இப்போது நம் மைதானத்து விஷயம். மூன்று வாரமாக ஒரு பயிற்சி நடக்கிறது. பாடப் போகிறவள் உள்ளே இருக்கும்போது, இரண்டு பக்கக் கோட்டோரமும் ஒவ்வொருவர் நின்று விரலைக் காட்ட வேண்டும். ஒன்றோ, மூன்றோ, ஐந்தோ. அவள் தலையைத் திருப்பக் கூடாது. தொட்டுவிட்டு வந்து, இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை என்று எனக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாரும் தப்பாகவே சொன்னார்கள். அந்தப் பிள்ளை ஒரு விரலைக்கூடப் பார்க்கவில்லை. நேற்று வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “லெஃப்ட்ல மூணு சார், ரைட்ல காட்டவே இல்ல, அவ தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறா” என்றாள். அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் இல்லாமல் செய்த பயிற்சி இது. இனி சத்தம் வேண்டும். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம் பேசிவிட்டேன். கல்யாண மண்டபம் நமக்குக் கட்டுப்படியாகாது, இரண்டு ஹாரன் குழாய் போதும். வரும் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வாருங்கள். முதல் அரை மணி நேரம் உங்கள் இஷ்டத்துக்குக் கத்தலாம். வலது கார்னர் என்று கத்துங்கள், கண்ணு தெரியலையா என்று கேளுங்கள், எதிரணிக்காரர் பேசுவதையும் சேர்த்துப் பேசுங்கள். கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம், பக்கத்தில் ஆரம்பப் பள்ளி இருக்கிறது.

அடுத்த போட்டிக்கு இன்னும் ஆறு சனிக்கிழமை பாக்கி. போட்டியன்று கோட்டோரத்தில் நமக்கெல்லாம் கடலை மிட்டாய். பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கி வைத்திருக்கிறேன். ரெய்டு தொடங்கும்போது ஒன்று வாயில் போட்டுக்கொண்டால் முடிகிற வரை கரையாது, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அன்று முதலில் கத்திய அப்பாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாப்பா உங்களைத்தான் கேட்கிறாள். இடது கவர் பக்கம் விரல் காட்ட ஆள் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் நிற்க வேண்டும், முடியுமா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் பி.டி. சார்